நூற்று நாற்பத்தொன்றாம் பக்கத்து எலும்பு

ஜூராகான் அக்காவின் இறைச்சிக் கடையில் நான்கு கொக்கிகள். மூன்றில் ஆடு தொங்கும். நான்காவதில் அட்டை தொங்கும். முட்டைப் பெட்டியைக் கிழித்த அட்டை. அதில் கறுப்பு மையில், பெரிய கோணல் எழுத்தில், அவள் அந்த வாரம் படித்த புத்தகத்தைப் பற்றிய அபிப்பிராயம். கறி வாங்க வரிசையில் நிற்பவர்கள் வேறு வழியில்லாமல் அதைப் படித்தாக வேண்டும். படித்துவிட்டு முகம் சுளித்தால் கறியில் கொழுப்பு கூடிவிடும் என்று சந்தையில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் புத்தகங்களைக் கொடுத்த பாவி நான்தான். என் பெயர் குபாத். அவள் கடைக்கு எதிரே, கறி வரிசையும் குதிரைச் சேண வரிசையும் சேருகிற மூலையில், பழைய புத்தகம் விற்கிறேன். தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து லாரியில் வரும் பெட்டிகளில் எது இருக்கிறதோ அதுதான் எங்கள் ஊரின் இலக்கியம். ரஷ்ய மொழியில் துப்பறியும் நாவல்கள், முகமூடி போட்டவர்கள் பறக்கிற படக்கதைகள், யார் யாரோ எழுதிய சுயசரிதைகள். கெட்டி அட்டை போட்டதை ஆசிரியர்கள் வாங்குவார்கள். மிச்சத்தையெல்லாம் அவள் படிப்பாள்.

முதன்முதலில் அவள் தொங்கவிட்ட அட்டை எனக்கு இன்றும் மனப்பாடம். 'துப்பறியும் நாவல். முந்நூற்றுப் பத்துப் பக்கம். நெஞ்சில் கத்தி இறங்கியவன் மாடிப்படி இறங்கி வந்து இரண்டு பக்கம் பேசுகிறான். நான் இருபத்தைந்து வருஷமாக அறுக்கிறேன். இதயத்தில் கத்தி போன எதுவும் ஒரு சத்தம்கூடப் போட்டதில்லை. பேச வைக்க அவ்வளவு ஆசையென்றால் வயிற்றில் குத்தியிருக்கலாம். வயிற்றில் குத்துப்பட்டவனுக்கு உயில் எழுதவும் நேரம் இருக்கும். எழுதியவர் ஒரு கோழியைக்கூட அறுத்ததில்லை. நுரையீரல்.'

கடைசியில் வருகிற அந்த ஒற்றைச் சொல்தான் தீர்ப்பு. எங்கள் விருந்தில் ஆட்டை வெட்டி வேகவைத்தால் எந்த எலும்பு யாருக்கு என்பதில் ஒரு வரிசை உண்டு. இடுப்பெலும்பு மூத்தவனுக்கு. அதற்கு அடுத்த மரியாதை தொடைக்கு. விருந்தில் நடக்கும் குதிரை ஆட்டத்தில் வென்றவன் இருந்தால் தொடை அவனுக்கு. பிறகு தோள்பட்டை. அதற்கும் கீழே விலா, கழுத்து. கீழ்க்கால் நல்லி, ருசியாகத்தான் இருக்கும், ஆனால் அது வாசலோரம் உட்காரும் கடைசிப் பையனுக்குப் போவது. நுரையீரல் நாய்க்கு. அக்கா அதே வரிசையில் புத்தகங்களுக்கும் பங்கு பிரித்தாள். நான் கொடுத்த நூற்றுக்கணக்கான புத்தகங்களில் இடுப்பெலும்பு வாங்கியது இரண்டே இரண்டு.

படக்கதைகள் அவளுக்குப் பிடிக்கும். ஆனாலும் விடமாட்டாள். 'நாற்பத்தெட்டுப் பக்கத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர் அடி வாங்குகிறார்கள். ஒருத்தன் முகமும் வீங்கவில்லை. என் புருஷன் ஒருமுறை அறைந்தது ஒன்பது நாள் நீலமாக இருந்தது. பத்தாம் நாள் மஞ்சளாயிற்று. படம் வரைபவருக்கு மஞ்சள் மை தீர்ந்துவிட்டதா? வரைந்த குதிரை மட்டும் நன்றாக இருக்கிறது. குதிரைக்காகத் தோள்பட்டை.' இதைப் படித்து வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஆண்கள் கறியைப் பார்த்தார்கள்.

பெண்ணைத் தூக்கிக்கொண்டுபோய் மணக்கிற காதல் கதைக்கு அவள் எழுதியது இன்னும் மோசம். 'முப்பதாம் பக்கத்தில் குதிரையில் தூக்கிப் போகிறான். நாற்பதாம் பக்கத்தில் அவள் அவனைக் காதலிக்கிறாள். என்னை மஞ்சள் காரில் தூக்கிப் போனார்கள். நாற்பதாம் பக்கத்தில் எனக்கு ஒரு பல் போயிருந்தது. இந்தப் புத்தகத்தை நாயும் தின்னாது, போட்டுப் பார்த்தேன்.' உண்மையிலேயே போட்டுப் பார்த்தாள். நாய் முகர்ந்துவிட்டுப் போனதை நானே பார்த்தேன்.

ஆப்கானிஸ்தான் போரிலிருந்து திரும்பிய ஒரு ஓட்டுநர் அச்சடித்த ஒல்லிப் புத்தகத்துக்கு மட்டும் அவள் உருகினாள். 'ஒருவனைச் சுட்ட பிறகு தனக்குப் பசித்தது என்று எழுதியிருக்கிறார். அழுகை வந்தது என்று எழுதியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். முதலில் பசிதான் வரும். வெட்கம் நடந்து வரும், அதற்கு நேரமாகும். இடுப்பெலும்பு.' அந்த ஓட்டுநர் வந்து அட்டை முன்னால் வெகுநேரம் நின்றார். அரைக் கிலோ கறி வாங்கினார்.

எல்லோரும் அப்படியில்லை. உள்ளூர் ஆசிரியர் ஒருவர் தான் எழுதிய வீரக்கதைக்குக் கழுத்தெலும்பு கிடைத்ததைத் தாங்கமுடியாமல் வந்து அட்டையைக் கிழித்து அவள் முகத்தில் எறிந்தார். அவள் கைக்கு எட்டியது ஈரமான நுரையீரல். அதாலேயே அறைந்தாள், வலது கன்னம், இடது கன்னம், கண்ணாடி பறந்தது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வாடிக்கையாளரிடம் தொடையா, விலாவா என்று கேட்டாள். இதெல்லாம் அப்போது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

அவள் ஏன் புத்தகத்தில் பொய்யைக் கண்டால் இப்படிப் பாய்கிறாள் என்று ஒருநாள் கேட்டேன். பனி பெய்து சந்தை காலியாக இருந்தது. எலும்பு சீவிக்கொண்டே சொன்னாள்.

அவளுக்கு ஒரே தம்பி, உலார்பெக். பத்தொன்பது வயது. குதிரைப் பண்ணையில் வேலை. தலையில்லாத ஆட்டைக் குதிரை மேலிருந்தபடி பறித்து ஓடும் ஆட்டத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் அவனை மிஞ்ச ஆளில்லை. பண்ணைத் தலைவர் ஷாமிர்கானுக்கு மகன் பிறந்து நாற்பதாம் நாள், மலை மேல்வெளியில் கூடாரம் போட்டு விருந்து, ஆட்டம். அன்று மாலை உலாரைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்து போட்டார்கள். ஆட்டத்தில் விழுந்தான், குதிரைகள் மிதித்துவிட்டன என்று போனவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள்.

"அப்பாதான் குளிப்பாட்டினாரு," என்றாள் அக்கா. "வெளிய வந்து என்னை மட்டும் தனியாக் கூப்பிட்டாரு. பின்மண்டையில ஒரு குழி இருக்கு, நாலு மூலைக் குழின்னாரு. குதிரைக் குளம்புக்கு மூலை கிடையாதும்மான்னாரு. அவ்வளவுதான். அப்புறம் சாகுற வரைக்கும் அதைப் பத்தி வாயே திறக்கல."

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அக்கா?"

"யார்கிட்ட? எல்லாரும் ஷாமிர்கான்கிட்ட சம்பளம் வாங்குறவங்க. ஆறுதலுக்குன்னு ஒரு குதிரை அனுப்புனாரு. அப்பா அதக் கட்டவும் இல்ல, விரட்டவும் இல்ல. ரெண்டு நாள் வாசல்ல நின்னுட்டு அதுவாத் திரும்பிப் போயிடுச்சு. அடுத்த வருஷம் என்னைத் தூக்கிட்டுப் போனாங்க. கேக்க ஆளில்லாத வீடுன்னு தெரிஞ்சுதான வந்தாங்க?"

கோடரியைத் திருப்பி அதன் பின்பக்கத்தைக் காட்டினாள். சதுரமான இரும்பு. "இந்த வேலைக்கு ஏன் வந்தேன்னு நினைக்கிற? முதல் நாளே ஒரு ஆட்டுத்தலையில இதால அடிச்சுப் பாத்தேன். நாலு மூலை. ஆனா குபாத், தெரியறது வேற, காட்டறது வேற."

அவள் கணவன் குடித்தே செத்தான். அப்பாவும் போனார். நடந்து முப்பத்தொரு வருஷம் ஆகியும், தெரிந்தது அவள் ஒருத்தியிடம் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்ற பெரிய மனிதர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எழுபது, எழுபத்தைந்து வயதானால் விருந்து வைப்பார்கள், வருகிறவர்களுக்கெல்லாம் தன் வாழ்க்கையைப் புத்தகமாகப் போட்டுக் கொடுப்பார்கள். ஷாமிர்கானுக்கு எழுபத்தைந்து. நானூறு பிரதி. அக்கா சொன்னதெல்லாம் தெரிந்தும், அவர் சொல்லச் சொல்ல எழுதி, திருத்தி, அச்சுக்குக் கொடுத்தவன் நான். குளிர்காலம் முழுக்க அவர் வீட்டில் உட்கார்ந்து அவர் தேநீரைக் குடித்தேன், அவர் ரொட்டியைத் தின்றேன். அந்த மாதிரிப் புத்தகத்தை யாரும் முழுதாகப் படிக்கமாட்டார்கள். தன் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பார்ப்பார்கள், கண்ணாடி அலமாரியில் வைப்பார்கள். நானும் காற்புள்ளியைத்தான் பார்த்தேனே தவிர, கதையைப் பார்க்கவில்லை.

விருந்துக்கு அக்காவை அழைக்கவில்லை. நானே ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அழுததை நம்பி நல்ல மனசோடுதான் கொடுத்தேன், அதுதான் வேதனை.

"தொண்ணூத்தாறாம் பக்கம் பாருங்கக்கா. உங்க தம்பியப் பத்தி நல்லா எழுதியிருக்காரு. அழுதுகிட்டேதான் சொன்னாரு."

"அழுதாரா? எந்தக் கண்ணுல?" என்றாள். வாங்கி ஏப்ரன் பையில் செருகிக்கொண்டாள்.

மூன்று நாள் நான்காவது கொக்கி காலியாகவே இருந்தது. எலும்பை வெட்டும் சத்தம் மட்டும் வழக்கத்தைவிட வேகமாகக் கேட்டது. நான்காம் நாள் காலை என்னைக் கைநீட்டி அழைத்தாள். வெட்டுக்கட்டை மேல் புத்தகம் விரிந்து கிடந்தது, ஓரமெல்லாம் கொழுப்புக் கறை.

"தொண்ணூத்தாறு படி. சத்தமா."

படித்தேன். 'என் மகன் எர்னிஸின் நாற்பதாம் நாள் விருந்து எனக்குக் கறுப்பு நாளாயிற்று. நண்பகலில், கறி இன்னும் அடுப்பிலிருந்து இறங்காத வேளையில், ஆட்டத்தில் வென்ற சில நொடிகளில், வீரன் உலார்பெக் குதிரைகளுக்கு அடியில் விழுந்தான். என் மடியில் உயிர் பிரிந்தது.'

"இப்ப நூத்து நாப்பத்தொண்ணு."

அது வேறு அத்தியாயம். 'என் வீட்டு விருந்துகள்' என்று தலைப்பு. அவர் வாழ்நாளில் வைத்த பெரிய விருந்துகளும், எந்த விருந்தில் யாருக்கு எந்த எலும்பு போனது என்ற பட்டியலும். அவரைக் குறை சொல்ல முடியாது, எங்கள் ஆண்கள் அப்படித்தான். கல்யாணத் தேதி மறக்கும், பெற்ற பிள்ளையின் வயது மறக்கும். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கூடாரத்தில் தனக்குத் தோள்பட்டை கிடைத்ததா கழுத்து கிடைத்ததா என்பது சாகும்வரை மறக்காது. பட்டியலில் பெயர் வந்தால் வந்தவர்களுக்கும் பெருமை. நான் படித்துக்கொண்டே போனேன். 'எர்னிஸின் நாற்பதாம் நாள் விருந்து, பதினொரு பேர். இடுப்பெலும்பை நானே எடுத்துக்கொண்டேன். தொடை மாவட்டத்திலிருந்து வந்த விருந்தாளிக்கு. தோள்பட்டை ஜெக்ஷெனுக்கு.' இப்படியே போய், கடைசி வரி: 'கீழ்க்கால் நல்லி, வாசலருகே உட்கார்ந்திருந்த உலார்பெக்குக்கு.'

நான் மறுபடி தொண்ணூற்றாறாம் பக்கத்தைப் புரட்டினேன்.

"கறி இறங்குறதுக்கு முன்னாடி செத்தவன்," என்றாள் அக்கா, "கறி இறங்குன அப்புறம் நல்லி வாங்கியிருக்கான். எப்படிடா?"

"ஏதாச்சும்... மாறிப்போயிருக்கும்கா."

"நீதான எழுதுன? மாத்திட்டியா?"

நான் தலையைச் சொறிந்தேன். எனக்கு அந்த மதியம் நன்றாக நினைவிருந்தது. அவர் அந்தப் பட்டியலைச் சொல்லும்போது நான் தவறுதலாக உலார்பெக்குக்கு நேரே விலா என்று எழுதிவிட்டேன். எட்டிப் பார்த்துவிட்டு என் பின்தலையில் தட்டினார். 'விலா இல்லடா முட்டாள். நல்லி. நானே என் கையால எடுத்துக் குடுத்தேன்.' இதை அக்காவிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் வீட்டு ரொட்டி என் வாயை அடைத்தது. நேராகச் சொன்னால், பயந்தேன்.

"அக்கா, வேணாம். இத அட்டையில போடாதீங்க. அந்த எர்னிஸ் எப்படிப்பட்ட ஆளுன்னு தெரியும்ல?"

"நான் புத்தகத்துக்கு அபிப்பிராயம் எழுதுறவ. இது புத்தகம்," என்றாள்.

அன்று காலை பத்து மணிக்கு அட்டை ஏறியது. 'வாழ்க்கைக் குறிப்பு. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். 96: என் தம்பி உலார்பெக் கறி இறங்குமுன் செத்தான். 141: அதே நாள், அதே கறி, உலார்பெக் உட்கார்ந்து நல்லி வாங்கினான். செத்தவன் கறி தின்னமாட்டான். இரண்டில் ஒரு பக்கம் பொய். எந்த ஆண்பிள்ளையும் எலும்பில் பொய் சொல்லமாட்டான். ஆகவே உலார்பெக் கூடாரத்துக்குள் உயிரோடு போனான். எப்படி வெளியே வந்தான் என்று எழுதியவர் எழுதவில்லை. என்ன பங்கு கொடுப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. வாசகர்கள் தங்கள் பிரதியைப் பார்க்கவும்.'

வாசகர்கள் பார்த்தார்கள். எல்லார் வீட்டிலும்தான் பிரதி இருந்ததே. மசாலா விற்கிறவள் வீட்டுக்கு ஆளனுப்பி எடுத்துவரச் சொன்னாள். பதினொரு மணிக்குச் சந்தையில் பத்துப் பதினைந்து பேர் தொண்ணூற்றாறுக்கும் நூற்று நாற்பத்தொன்றுக்குமாகப் புரட்டிக்கொண்டு நின்றார்கள். அவ்வளவு ஆர்வமாக என் புத்தகம் எதையும் யாரும் படித்துப் பார்த்ததில்லை.

பதினொன்றரைக்கு எர்னிஸ் வந்தான். முப்பத்தொரு வயது, மல்யுத்தம் பழகிய கழுத்து. கூட இரண்டு பேர். வந்த வேகத்தில் ஒருவன் தராசைத் தூக்கித் தரையில் அடித்தான். இன்னொருவன் தொங்கிய ஆட்டைக் கொக்கியோடு பிடுங்கினான். கம்பி அறுந்து அது சேற்றில் விழுந்தது. எர்னிஸ் அட்டையைக் கிழித்தான்.

"ஏய் கிழவி! எங்கப்பன் பேர நீ எழுதுவியா? அவரு போட்ட சோத்த தின்ன ஊருடி இது!"

"நான் தின்னல," என்றாள் அக்கா. "என் தம்பி தின்னான். நூத்து நாப்பத்தொண்ணுல இருக்கு."

அவன் அறைந்தான். அவள் பின்னால் போய்க் கம்பத்தில் மோதினாள். உதட்டிலிருந்து ரத்தம் வழிந்தது. இடது கையால் துடைத்துக்கொண்டே வலது கையால் கீழே கிடந்த மைப் பேனாவை எடுத்தாள். கோடரியை எடுக்கவில்லை, பேனாவைத்தான் எடுத்தாள். அதைப் பார்த்ததும் அவனுக்கு வெறி ஏறியது. அந்தக் கையைப் பிடித்து வெட்டுக்கட்டை விளிம்பில் வைத்து அழுத்தினான். நான் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தேன். ஒரு முழங்கை இடி. என் முன்பற்கள் இரண்டு வாய்க்குள்ளேயே உருண்டன, நான் சேற்றில் உட்கார்ந்தேன். பிறகு அவள் மணிக்கட்டு ஒடிந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று கறி வரிசையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் கத்தவில்லை. முகம் வெளுத்துப்போய், மூச்சை இழுத்துக்கொண்டு கேட்டாள். "அந்த விருந்து உனக்குத்தான் வெச்சாங்க. உன் நாப்பதாம் நாள். நீ அந்தப் புத்தகத்தப் படிச்சியா?"

அவன் படிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. யாரோ ஒரு பெண் அவன் மார்பில் ஒரு பிரதியை விசிறினாள். "படிச்சிட்டு அடிடா மாடு!" அவன் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். கூட வந்த இரண்டு பேரும் மெல்ல நழுவினார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று எவ்வளவோ கெஞ்சினோம். கறி மூடுகிற துணியால் கையைக் கட்டிக்கொண்டு வெட்டுக்கட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். "வருவாரு," என்றாள். "மகன் அடிச்சு முடிச்சதும் அப்பன் சமாதானத்துக்கு வருவாரு. அதான் அவங்க வழக்கம்."

வந்தார். விருந்தில் போர்த்திய ஜரிகை அங்கி, வெள்ளைக் கம்பளித் தொப்பி, கையில் வெள்ளிப் பூண் போட்ட சாட்டை. கூட்டம் விலகி வழி விட்டது. இவ்வளவு படித்த பிறகும் விட்டது. அவர் நேராக அக்காவிடம் போய்க் குனிந்தார்.

"தங்கச்சி, பய கோவக்காரன். நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஆனா ஒரு அச்சுப் பிழைக்காக ஒரு மனுசன் பேர இப்படி நாறடிக்கலாமா?" பிறகு சாட்டையை என்மீது நீட்டினார். "இந்தக் குபாத் செஞ்ச தப்பு. நான் வேற பேரச் சொன்னேன், இவன் உலார்பெக்னு போட்டுட்டான். கேளுங்க. சொல்லுடா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள். அவள் கண்ணில் கெஞ்சல் எதுவும் இல்லை. ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்புகிறவள் போலத்தான் பார்த்தாள். ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எனக்குப் புதுப்பல் கட்ட அவரே ஏற்பாடு செய்வார். வாயில் ரத்தம் ஊறிக்கொண்டே இருந்தது. துப்பினேன்.

"நான் விலான்னு எழுதினேன்," என்றேன். பல் இல்லாமல் வார்த்தை குழறியது, திரும்பவும் சொன்னேன். "உலார்பெக்குக்கு விலான்னு எழுதினேன். நீங்கதான் தலையில தட்டி, விலா இல்லடா முட்டாள், நல்லி, நானே என் கையால குடுத்தேன்னு சொன்னீங்க. பேரு சரிதான். எலும்பும் சரிதான்."

அவர் முகம் ஆடவில்லை. "குடிகாரன்," என்றார். நான் குடிப்பதில்லை.

அப்போது அக்கா கூட்டத்துக்குள் கண்ணை ஓட்டினாள். சேண வரிசையில் தோல் தைக்கிற கிழவர் ஜெக்ஷென் பின்னால் ஒதுங்கி நின்றிருந்தார். "ஜெக்ஷென் அண்ணே," என்றாள். "உங்களுக்குத் தோள்பட்டை. புத்தகத்துல போட்டிருக்கு. வாங்குனீங்களா இல்லையா?"

கிழவர் வாங்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் தோள்பட்டையை மறுக்க எங்கள் ஊரில் எந்தக் கிழவனாலும் முடியாது. "வாங்குனேன்," என்றார்.

"உங்களுக்குக் கீழ, வாசப்பக்கம் யாரு உக்காந்திருந்தாங்க?"

ஜெக்ஷென் தொப்பியைக் கழற்றினார். "உலார்," என்றார். "உலார்தாம்மா. ஜெயிச்ச பயலுக்குத் தொடை குடுக்காம நல்லி குடுத்தாங்க. நான் அப்பவே..."

சாட்டை அவர் வாயின் மேல் இறங்கியது. குறுக்கே ஒரு கோடு, உடனே சிவந்து பிளந்தது. கிழவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டார். ஷாமிர்கான் மறுபடி ஓங்கினார். எழுபத்தைந்து வயது ஆள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"ஆமாண்டா! நல்லிதான் குடுத்தேன்! குதிரை மேய்க்கிற நாய்க்கு நல்லி போதாதா? அத என் மூஞ்சில விட்டெறிஞ்சான்! என் கூடாரத்துல, என் மகன் விருந்துல, மாவட்டத்து ஆளுங்க முன்னாடி! எவன் சும்மா இருப்பான்? சொல்லுங்கடா, எவன் சும்மா இருப்பான்?"

தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு அப்போதும் புரியவில்லை. நியாயம் கேட்டுக்கொண்டு நின்றார்.

எர்னிஸ் கையில் அந்தப் புத்தகம் இன்னும் இருந்தது. "அப்பா," என்றான். "அது என் விருந்து." அவ்வளவுதான் சொன்னான். அவர் சாட்டைக் காம்பைத் திருப்பி அவன் நெற்றியில் அடித்தார். வெள்ளிப் பூண் புருவத்தைக் கிழித்தது. அவன் ரத்தம் கண்ணில் இறங்க அவரைத் தள்ளினான். பெற்ற அப்பனைத் தள்ளினான். அவர் வெட்டுக்கட்டையின் மூலையில் மோதி, வழுவழுவென்று கொழுப்பு படிந்த தரையில் பக்கவாட்டில் விழுந்தார். எழ முயன்றார், முடியவில்லை. இடுப்பெலும்பு. நான் இட்டுக்கட்டவில்லை, பிறகு டாக்டர் சொன்னது அதுதான்.

அக்கா எழுந்தாள். இடது கையில் கோடரியை எடுத்தாள். இத்தனை பேர் இருந்தோம், ஒருவரும் தடுக்கவில்லை, எர்னிஸும் தடுக்கவில்லை. அவள் அவர் தலைமாட்டில் குனிந்து, கோடரியைத் திருப்பி, அந்தச் சதுர இரும்பை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"மூலை எத்தனை?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணத் தொறந்து எண்ணு. எங்கப்பா எண்ணுனாரு. நீயும் எண்ணு."

கண்ணைத் திறந்து, குழந்தை போன்ற குரலில், "நாலு," என்றார். அவள் கோடரியைக் கட்டையின் மேல் வைத்தாள். அப்போதுதான் தன் கையைப் பிடித்துக்கொண்டு கத்தி அழுதாள். முப்பத்தொரு வருஷ அழுகை. சந்தையின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது அவளைக் கேட்டேன். "அடிச்சிருவீங்கன்னு நினைச்சேன்."

"அடிச்சிருந்தா ஊரே என்னப் பத்திப் பேசும்," என்றாள். "என் தம்பியப் பத்தி ஒருத்தன் பேசமாட்டான்."

வழக்கு எதுவும் நிற்கவில்லை. காலம் கடந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். ஷாமிர்கான் வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறார். எனக்கு இன்னும் பல் கட்டவில்லை. ஜெக்ஷெனின் உதடு கோணலாகத்தான் ஆறியது.

பத்தாம் நாள் அக்கா கடையைத் திறந்தாள். ஒரே ஒரு ஆடு. அவளால் வெட்ட முடியாது. பக்கத்துக் கடைக்காரர் வெட்டிக் கொடுத்தார். எல்லாவற்றையும் பதினொரு மணிக்குள் விற்றுவிட்டாள், ஒரு தொடையைத் தவிர. அதை நான்காவது கொக்கியில் மாட்டினாள். கீழே அட்டை. இடது கையால் எழுதியது, எழுத்து முன்னைவிடக் கோணல். நான் புத்தகத்துக்கான தீர்ப்பு என்று நினைத்து ஓடிப்போய்ப் படித்தேன்.

'உலார்பெக்கின் பங்கு. ஆட்டத்தில் வென்றதற்கு. விற்பனைக்கு இல்லை.'

வரிசையில் நின்றவர்கள் படித்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எர்னிஸ் புருவத்தில் தையலோடு சேண வரிசை மூலைவரை வந்தான், அங்கிருந்தே படித்தான், திரும்பிப் போனான். தொடை சாயங்காலம் வரை அங்கேயே தொங்கியது.